பழைய பேருந்து பட்டறைக்கு வந்தால்: ஜிஎம் பிடி-4104

ஜிஎம் பிடி-4104 என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1953 முதல் 1960 வரை தயாரித்த தொலைதூரப் பேருந்து. மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக் நகர ஆலையிலிருந்து மொத்தம் 5,065 வண்டிகள் வெளிவந்தன. கிரேஹவுண்ட் நிறுவனம் இதற்கு ‘ஹைவே டிராவலர்’ என்று பெயர் சூட்டி நாடு முழுவதும் ஓட்டியது. வண்டியின் எண்ணுக்கும் பொருள் உண்டு. ‘பி’ பார்லர் என்னும் சொகுசு வகை, ‘டி’ டீசல், 41 இருக்கைக் கணக்கு, 04 அந்த வரிசையின் நான்காவது வடிவம். நீளம் 35 அடி, அகலம் 8 அடி. பக்கவாட்டில் நெளி நெளியான அலுமினியத் தகடு, அதற்கு மேலே ஓடும் திசைக்குச் சாய்ந்த இணைகரச் சன்னல்கள். தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். பயணிகள் சேவையிலிருந்து கழித்துவிட்ட வண்டிகளைப் பலர் வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கிக்கொண்டார்கள். காயலான் கடைக்குப் போகாமல் பல வண்டிகள் பிழைத்தது அதனால்தான்.

இன்று பட்டறைக்கு வரும் 4104 பெரும்பாலும் ஏதோ ஒரு கொட்டகையிலோ தோட்டத்திலோ ஆண்டுக்கணக்கில் நின்றதாக இருக்கும். வந்ததும் எஞ்சினை முடுக்கிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் சாவிப் பக்கம் போகமாட்டார். குனிந்து, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை விட்டுவிட்டு, ரப்பர் காற்றுப்பைகளின் மேல் உட்கார்ந்து ஓடிய முதல் ஜிஎம் தொலைதூரப் பேருந்து வகை இது. பையில் காற்று இருக்கும்வரை பயணம் மெத்தை. காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். தரைக்கு மேல் சில அங்குலமே மிஞ்சும். பழைய ரப்பர் வெடித்தாலும் சரி, குழாய் பிய்ந்தாலும் சரி, உயரத்தைச் சமன்செய்யும் வால்வின் கைப்பிடியில் யாராவது தெரியாமல் இடித்தாலும் சரி, பல டன் எடை நொடியில் கீழே வந்துவிடும். இப்படி வண்டிக்கடியில் நசுங்கி இறந்தவர்கள் உண்டு. ஆகவே பட்டறையின் முதல் வேலை பரிசோதனைகூட இல்லை, முட்டுக்கொடுப்பது. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு எஃகுத் தாங்கிகளும் கனமான மரக்கட்டைகளும், அதுவும் தயாரிப்பாளர் குறித்த இடங்களில் மட்டுமே. காற்றை நம்பி ஒருவரும் அடியில் படுப்பதில்லை.

முட்டு நின்றபின் பட்டறை கம்ப்ரஸரிலிருந்து குழாய் போட்டு வண்டியின் தொட்டிகளில் காற்று நிரப்புவார்கள். எஞ்சின் ஓடாததால் இரைச்சல் இல்லை. எங்கே காற்று கசிகிறதோ அங்கே ‘ஸ்ஸ்’ என்று காதே காட்டிக்கொடுக்கும். சந்தேகமான இணைப்பில் சோப்பு நீரைத் தெளித்தால் நுரை குமிழ்விடும். பையின் மடிப்புகளுக்குள் டார்ச் அடித்து, விரிசலுக்கு அடியில் நூல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நூல் தெரிந்தால் அந்தப் பை முடிந்தது. பைகள் உட்கார்ந்திருக்கும் உள்ளீடற்ற உத்திரங்களே காற்றுத் தொட்டியாகவும் வேலை செய்வதால், காற்றோடு வரும் ஈரம் உள்ளே தங்கி உள்ளிருந்தபடியே இரும்பைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கலாம். சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் ‘கணீர்’ என்னும், அரித்த இடம் ‘மொத்’ என்னும்.

நம் ஊரில் பேருந்துக்குப் பொதுவாக இரண்டு பிறவி. ஷேசிஸ் ஒரு தொழிற்சாலையில் பிறக்கும், பாடி கரூர் போன்ற ஊர்களில் கட்டப்படும். 4104-க்கு ஒரே பிறவிதான். தனியாகக் கழற்றி எடுக்க அதற்கு ஷேசிஸ் கிடையாது. தளம், குறுக்குச் சுவர்கள், பக்கச் சட்டங்கள், கூரை, மேலே ரிவெட் அடித்த அலுமினியத் தோல் ஆகிய எல்லாம் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. விமானத்தின் உடலும் இப்படித்தான். இதனால் தகட்டு வேலை இங்கே வெறும் அழகு வேலையாக முடிவதில்லை. ரிவெட்டைச் சுற்றிக் கருமையான தடம் வழிந்திருந்தால் அது அழுக்கு என்று துடைத்துவிடக் கூடாது. ரிவெட் தளர்ந்து, தகடும் தகடும் உரசி வெளியே தள்ளிய பொடி அது. அதை மாற்ற இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே இன்னொருவர் கனமான இரும்புக் கட்டியை மறுமுனையில் அழுத்திப் பிடிப்பார். உள்ளே கை போக வேண்டுமானால் சுவர்ப் பலகை முழுவதையும் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் பாப் ரிவெட்டைப் போட்டு வேலையை முடித்துவிட ஆசை வரும்; பாரம் தாங்கும் இடத்தில் சாதாரண பாப் ரிவெட் நிற்காது.

எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அதுவே ஒரு சிறிய மின்கலம் போல ஆகி அலுமினியம் கரையத் தொடங்கும். வெள்ளைப் பொடி, தகட்டில் கொப்புளம், இரண்டும் அதன் அடையாளம். பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதியதை வைக்கும்போது, நடுவே பிரைமரோ ஒட்டுப்பட்டையோ வைத்து இரு உலோகமும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வேலை சில ஆண்டில் திரும்ப வரும். அச்சைப் பாடியோடு பிணைக்கும் தண்டுகள் வந்து சேரும் இடங்களையும் குறுக்குச் சுவர்களின் அடிப்பகுதியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து வெறும் உலோகமாக்கித்தான் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனை அங்கே புகுந்துவிட்டால், வண்டியை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சே மாறிவிடும். எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கலாம். உடல் போன 4104-க்கு மாற்று, இன்னொரு 4104-தான்.

வடிவமைப்பிலேயே உடல் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதன் சமகால உறவினரான சீனிக்ரூசர் நல்ல பாடம். 1954 முதல் 1956 வரை கிரேஹவுண்டுக்கென்றே ஜிஎம் கட்டிய 1,001 வண்டிகள். 40 அடி நீளம், முன்னே தாழ்ந்த தளம், பின்னே உயர்ந்த தளம். தோற்றத்தில் தொழில்வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் கை இருந்தது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கம் இரண்டு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்களை இணைத்து ஒன்றாக ஓட்டிய ஏற்பாடு தொல்லைமேல் தொல்லை கொடுத்தது. உடலிலும் விரிசல்கள் தோன்றின. 1961, 1962 ஆண்டுகளில் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் அப்போது மிஞ்சியிருந்த 979 வண்டிகளைப் பிரித்து, இரட்டை எஞ்சின்களை எடுத்துவிட்டு ஒற்றை 8வி-71 எஞ்சினைப் பொருத்தி, உடலுக்கும் வலுவூட்டியது. நல்ல உடலைப் பின்னால் வெட்டினாலும் இதே ஆபத்துதான். 4104-ஐ மோட்டார் ஹோம் ஆக்கியவர்கள் கூரையை உயர்த்தியிருந்தாலோ சன்னல்களை அடைத்து வெட்டியிருந்தாலோ, பட்டறையில் அந்த வெட்டுகளைச் சுற்றித்தான் முதலில் தேட வேண்டும்.

இப்போது எஞ்சின். 4104-இன் பின்புறத்தில் குறுக்காகப் படுத்திருப்பது டெட்ராய்ட் டீசல் 6-71. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். மொத்தம் சுமார் 7 லிட்டர். 1938-இல் அறிமுகமான இந்த வரிசை, இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் டாங்கிகளின் ஒரு வகையிலும் படைகளைக் கரையிறக்கிய படகுகளிலும் ஓடியது. அவ்வளவு பெருமளவில் தயாரித்ததால்தான் உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. இது இருவீச்சு டீசல். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். முதன்முறை கேட்பவருக்கு எஞ்சின் இரு மடங்கு வேகத்தில் கதறுவதுபோல் இருக்கும்; பழகியவருக்கு அதுதான் சங்கீதம்.

இந்த எஞ்சினிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களுக்கும் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்னும் பல்சட்டங்கள் உண்டு. எஞ்சின் பல ஆண்டு ஓடாமல் கிடந்தால் அவற்றில் ஒன்று, டீசல் முழுதாகத் திறந்த நிலையிலேயே இறுகிப்போகலாம். அந்த நிலையில் முடுக்கினால் எஞ்சின், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவிக்குக் கட்டுப்படாமல் வேகமெடுத்து, தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்வரை ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். அதற்கென்றே காற்று நுழையும் வழியில் ஓர் அவசர மூடி உண்டு. நின்றுபோன எஞ்சினை எழுப்புவதற்கு முன் எஞ்சினின் மேலுள்ள ராக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ரேக்கும் விரல் தள்ளலுக்கே வழுக்கிப் போய்வருகிறதா என்று பார்ப்பார்கள். அவசர மூடி வேலை செய்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னும், முடுக்கும் வேளையில் ஒருவர் தட்டையான பலகையோடு காற்று வாயருகே நிற்பார்.

சிலிண்டரின் நிலைமையை ஹெட்டைக் கழற்றாமலே பார்க்க இந்த எஞ்சின் ஒரு சன்னல் வைத்திருக்கிறது. சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவரில் காற்று புகும் துளைகள் வரிசையாக இருக்கும். பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்தால் துளைகளின் வழியே பிஸ்டனும் ரிங்குகளும் தெரியும். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ரிங்காக முனை மழுங்கிய குச்சியால் அழுத்தினால், நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பத் துள்ளும். கரி பிடித்த ரிங் அசையாது. உடைந்த ரிங் துளையின் விளிம்பிலேயே தெரிந்துவிடும். பிஸ்டன் ஓரத்தில் செங்குத்துக் கோடுகள் ஓடியிருந்தால் அந்தச் சிலிண்டர் ஒருமுறையாவது சூடேறி இறுகியிருக்கிறது என்று பொருள். நாள் முழுக்கப் பேசி விலை படிய வைக்கும் வியாபாரி, இந்த அரைமணி நேரச் சோதனைக்கு மட்டும் சுலபத்தில் சம்மதிக்கமாட்டார்.

எண்ணெய்க் கணக்கும் இங்கே தலைகீழ். மற்ற வண்டிகளில் எண்ணெய் குறைந்தால் கவலை. 6-71-இல் கூடினால்தான் கவலை. டீசல் கொண்டுபோகும் சிறு இணைப்புக் குழாய்கள் ராக்கர் மூடிக்கு உள்ளே இருப்பதால், அவை கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது; டீசல் நேரே எண்ணெயில் கலக்கும், பேரிங் தேயும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து முகர்ந்து பார்ப்பது அதற்காகத்தான். எண்ணெயும் எஸ்ஏஇ 40 என்ற ஒற்றைத் தரம்தான் வேண்டும்; கடையில் எளிதாகக் கிடைக்கும் பல்தர எண்ணெயைத் தயாரிப்பாளரே பரிந்துரைப்பதில்லை. கடைசியில் வால்வு இடைவெளி, இன்ஜெக்டர் உயரம், ரேக் சமன் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் சரிசெய்வது ‘டியூன்-அப்’. இன்ஜெக்டர் உயரத்துக்குத் தனி அளவுகோல் ஊசி உண்டு. பல வகை இன்ஜெக்டர்களுக்கு அது 1.460 அங்குலம். ஊசியின் தலை எண்ணெய்ப் படலத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போக வேண்டும், உரசக் கூடாது.

பிரேக் விஷயத்தில் பழைய வண்டிக்குச் சலுகை கிடையாது. ஒரு சுற்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும் இரட்டைக் காற்றுச் சுற்று, அமெரிக்க விதிகளில் 1975-இல்தான் கட்டாயமாயிற்று. 4104 அதற்கு முந்தைய பிறப்பு. ஒரு குழாய் பிய்ந்தால் எல்லாமே போகலாம். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி காற்றழுத்த மானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் வண்டி சாலைக்கு லாயக்கில்லை. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசி பறக்கவிடுவது பழைய பழக்கம். இப்போது ஈரப்படுத்தித் துடைத்து எடுக்கிறார்கள்.

சக்கர நட்டில் ஏமாந்தவர்கள் ஏராளம். இடப்பக்கச் சக்கரங்களின் மரை இடம்சுழி; ஸ்டட்டின் தலையில் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் நீளக் குழாயை மாட்டித் தொங்கினால் நட்டு இன்னும் இறுகும், பிறகு ஸ்டட் முறியும். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் சக்கரத்துக்கு ஒரு நட்டு, அதன் மேலேயே வெளிச் சக்கரத்துக்கு இன்னொரு நட்டு. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டு இறுகியிருக்கிறதா என்று சோதிக்க வழியில்லை. டயரின் இழை புதிதுபோல இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு.

எந்த அளவுக்குப் பழுதுபார்ப்பது என்பது வண்டி யாருக்காக என்பதைப் பொறுத்தது. ஓட்டுவதற்கென்றால் எல்லாம் ஓட வேண்டும். அருங்காட்சியகத்துக்கென்றால் கதை வேறு. 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரி நகரில் கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த பேருந்து, இதே ஜிஎம் 1948-இல் தயாரித்த டிடிஹெச்-3610 வகை நகரப் பேருந்து, எண் 2857. பிற்காலத்தில் அது ஒரு வயலில் முப்பது ஆண்டு கருவிகள் அடுக்கும் கொட்டகையாகக் கிடந்தது. அது ரோசா பார்க்ஸ் பயணித்த பேருந்துதான் என்று உறுதிசெய்ய உதவியது பேருந்து நிலைய மேலாளர் ஒருவர் ஒட்டிவைத்த பத்திரிகை நறுக்கு ஏடு. அதன் ஓரத்தில் 2857 என்று கைப்பட எழுதியிருந்தார்; அந்த எழுத்து தடயவியல் ஆய்வுக்கும் போனது. 2001-இல் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 4,92,000 டாலருக்கு வாங்கி, 1955-இல் எப்படி இருந்ததோ அப்படியே சீர்படுத்தி 2003 பிப்ரவரியில் காட்சிக்கு வைத்தது. பார்வையாளர்கள் அதில் ஏறி உட்காரலாம். எண் தகடு, பதிவேடு, பழைய ரசீது எதையும் குப்பை என்று எறியாமல் முதல் நாளே எடுத்துவைப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

சாலைக்கு எடுத்துப்போகும் 4104-இன் முதல் ஓட்டம் பட்டறையைச் சுற்றிச் சில மைல்தான். திரும்பி வந்ததும் மெக்கானிக் ஒவ்வொரு சக்கரக் குடத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடவில்லை. சூடே இல்லாத சக்கரமும் சந்தேகத்துக்குரியதுதான். அதில் பிரேக் பிடிக்கவே இல்லை. குடங்களைப் பார்த்து முடித்து, நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, அடுத்த ஐம்பது மைலுக்கு வண்டியை வெளியே எடுப்பார்கள்.