ஷாட்கிரீட்: பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட் டெல்டாவின் பழைய பாலங்களைக் காப்பாற்றுமா?

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படும். திருவாரூர் மாவட்டத்து ஆறு, வாய்க்கால்களில் உள்ள பழைய பாலம், மதகு, ரெகுலேட்டர்களைச் சரிபண்ண இந்த இடைவெளிதான் நல்ல நேரம். சென்டரிங் அடித்து, கான்கிரீட் போட்டு, பலகை பிரிப்பதற்குள் தண்ணி வந்துடும். அங்கேதான் ஷாட்கிரீட் கைகொடுக்கிறது.

அப்படின்னா என்ன?

சிமென்ட், மணல், பொடி ஜல்லிக் கலவையை கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் ஓஸ் வழியாகப் பீய்ச்சி அடிப்பது. அடிக்கிற வேகத்திலேயே கலவை இறுகி ஒட்டிக்கொள்ளும். பாலத்தின் அடிப்பக்கத்தில்கூட பலகை இல்லாமல் அடிக்கலாம். ‘கன்னைட்டிங்’ என்பது இதன் பழைய வகை. அதில் காய்ந்த கலவை ஓஸில் வரும், முனையில்தான் தண்ணீர் சேரும்.

இதற்கு வழிபோட்டவர் இன்ஜினியர் இல்லை. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பாடம் செய்துவந்த கார்ல் ஏக்லி. 1907 வாக்கில் அந்தக் கட்டடத்தின் உதிர்ந்த வெளிப்பூச்சைச் சரிசெய்ய ஒரு கருவி செய்தார். 1911-ல் காப்புரிமை கிடைத்தது. ஆக, இது பிறந்ததே ரிப்பேர் வேலைக்குத்தான்.

கான்கிரீட் ஏன் பெயருது?

ஈரமும், முத்துப்பேட்டை பக்கம் கடல் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பாளம் பாளமாக விழும்.

அதனால் மேலே அடிப்பது கடைசி வேலை. முதலில் இத்துப்போன கான்கிரீட்டை, கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்கணும். துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, தேவையான இடத்தில் வலை பொருத்தணும். பரப்பைக் கழுவி ஈரமாக்கிய பிறகே அடிக்கணும். இதையெல்லாம் விட்டுட்டு அடிச்சா, அது வெறும் மேக்கப். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

அடிக்கும்போது கொஞ்சம் கலவை தெறித்துக் கீழே விழும். தலைக்கு மேல் அடிக்கையில் இன்னும் அதிகம். ‘வீணாப் போகுதே’ என்று அதை அள்ளி மறுபடி போடக்கூடாது. முனையைப் பிடிப்பவரின் கைப்பழக்கம்தான் பாதி தரம். இதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 9012, 1978-லேயே வந்துவிட்டது. சித்திரை வெயிலில் 7 நாளாவது சாக்கு போட்டு நனைக்காவிட்டால் வெடிப்பு விடும்.

எல்லாத்துக்கும் சரிவருமா?

வராது. அஸ்திவாரம் இறங்கியிருந்தால் இது உதவாது. செங்கல், சுண்ணாம்பில் கட்டிய பழஞ்சுவர்களும் வேற கதை. 2021 மழையில் கமலாலயக் குளத்தின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி சரிந்தது. அந்த மாதிரிக் குளக்கரைச் சுவரில் சிமென்ட் அடித்து மூடினால், பின்னால் மண்ணில் தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளும். வடிகுழாய் வைக்காமல் தொடவே கூடாது.

வேலை முடிந்ததா, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்க. ‘டொப்பு டொப்பு’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே ஒட்டவில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்து மறுபடி அடிக்கச் சொல்லலாம்.