குப்பையும் பொதுச் சுகாதாரமும்: 1968 இன் இரு வேலைநிறுத்தங்கள்

நகரக் கழிவு அகற்றப்படாது தேங்கும்போது ‘பொதுச் சுகாதாரம்’ என்னுந் தொடர் ஆட்சியாளர் பேச்சில் உடனே முதன்மை பெறுகின்றது. அத்தொடர் எவருடைய சுகாதாரத்தைக் குறித்தது என்பதை 1968 இல் ஐக்கிய அமெரிக்காவில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு வேலைநிறுத்தங்கள் வழியாக நோக்கலாம்.

அவ்வாண்டு பெப்ரவரி 2 ஆந் திகதி நியூயோர்க்கின் சுத்திகரிப்புத் தொழிலாளர் ஏறத்தாழ 10,000 பேர் வேலைக்குச் செல்லவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 10,000 தொன் குப்பை நடைபாதைகளிற் குவிந்தது. நகரபிதா ஜோன் லிண்ட்சே சுகாதார அவசர நிலையைப் பிரகடனஞ் செய்தார். 1931 இல் இளம்பிள்ளைவாதம் பரவிய காலத்தின் பின்னர் அந்நகரில் அத்தகைய பிரகடனம் அதுவே முதலாவது. தேசியக் காவற்படையை அனுப்புமாறும் அவர் கோரினார். ஆளுநர் நெல்சன் றொக்பெல்லர் இணங்கவில்லை. பொதுத்துறை வேலைநிறுத்தங்களைத் தடைசெய்த 1967 ஆம் ஆண்டின் ரெயிலர் சட்டம் நடைமுறையிலிருந்தபடியால் தொழிற்சங்கத் தலைவர் ஜோன் டிலூரி சிறைசென்றார். பெப்ரவரி 10 இல் வேலைநிறுத்தம் முடிவுற்றது.

இரு நாட்களின் பின், டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரிற் சுமார் 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். வீடுகளின் பின்முற்றங்களிலிருந்து குப்பைத் தொட்டிகளைத் தலையிலுந் தோளிலுஞ் சுமப்பது அவர்தம் அன்றாடத் தொழில். ஓட்டைத் தொட்டிகளிலிருந்து அழுகல்நீரும் புழுக்களும் அவர்கள்மீது வழிந்தன. முழுநேரம் உழைத்தும் பலர் அரசின் வறியோர் உதவிப்பணம் பெறத்தக்க நிலையிலேயே இருந்தனர். இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தும் சுகாதாரப் பிரச்சினையாக எண்ணப்படவில்லை என்பது கருதத்தக்கது. பெப்ரவரி 1 இல், மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்புறத்துட் புகுந்த எக்கோல் கோல், றொபேட் வாக்கர் ஆகிய இருவர் குப்பையை நசுக்கும் பொறியில் அகப்பட்டு இறந்தனர். மணித்தியாலக் கூலியாளர் என்ற காரணத்தால் அவர்தங் குடும்பங்களுக்குச் சட்டப்படியான தொழில் இழப்பீடு கிட்டவில்லை.

இதன்பின் எழுந்த வேலைநிறுத்தத்தையே நகரபிதா ஹென்றி லோப் சட்டவிரோதமெனவும் நகரின் சுகாதாரத்துக்கு ஊறு எனவுஞ் சாடினார். பதிலாட்களைக் கொண்டு, பொலிஸ் காவலுடன், குப்பை அள்ளப்பட்டது. அதாவது, வீதியிற் கிடந்த கழிவு ஆபத்தாயிற்று. தொழிலாளியின் உடலில் வழிந்த அதே கழிவு ஆபத்தாகவில்லை. தொழிலாளரோ ‘நான் ஒரு மனிதன்’ எனும் பதாகையை ஏந்தினர். கூலிக் கோரிக்கையாக மட்டும் இப்போராட்டத்தை விளக்குவோர் இப்பதாகையை விளங்கிக்கொள்ளவில்லை என்றே கூறவேண்டும்.

அவர்களுக்கு ஆதரவாக வந்த மாட்டின் லூதர் கிங் ஏப்ரில் 4 இல் அந்நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிற்சங்கத்தை அங்கீகரித்துக் கூலியையும் உயர்த்திய உடன்படிக்கை ஏப்ரில் 16 இலேயே எட்டப்பட்டது.