ஊவாத் தோட்டங்களில் கிறிஸ்து விசுவாசம்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் சைவர்கள், கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் நடக்கும் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), கிறிஸ்து யார் என்பது கிறிஸ்தவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. அவர் வெள்ளைக்காரத் துரைமாரின் தெய்வமா, பல தெய்வங்களுள் ஒருவரா என்ற கேள்வி பக்கத்துக் காம்பராவிலிருந்தே வரும். பிலிப்புச் செசரியாவில் இயேசுவே சீடரிடம் தம்மைப் பற்றிக் கேட்டதாக மாற்கு சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451இல் கால்சிதோன் சங்கம் வரையறுத்தது. ஊவாவின் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர் அனைவரும் அறிக்கையிடுவது அதையே.

துரைமாரின் தெய்வம் என்ற எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. பதுளை புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்ற ஆங்கில அதிகாரி அவர்.

லயங்களுக்கு விசுவாசத்தைக் கொண்டுசென்றவர்கள் உபதேசியார்கள். திருநெல்வேலியில் பணியாற்றிய ஆங்கிலிக்க மிஷனரி செப்டிமஸ் ஹாப்ஸின் பொறுப்பில், 1854இல் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டத் துரைமார் பணம் தந்தாலும், மலையேறி நடந்தவர்கள் தமிழர்களே. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பகலெல்லாம் மலையில் வேலை என்றிருந்த மக்களைப் பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்ட முடியும். எழுத்தறியாதவர்களுக்கு ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் வாய்ப்பாடமாகவே சென்றன. 1880களில் மெதடிஸ்தரும் ஊவாவில் பணி தொடங்கினர்.

1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. சொந்த நாடு என ஒன்றில்லாமல் விசுவாசத்தில் நிலைத்தவர்களைப் போற்றும் எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இந்த மக்களுக்குப் பொருந்துவதுபோல் வேறு யாருக்கும் பொருந்துவது அரிது.

1972இல் பதுளை தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமானது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வசதி குறைந்த இந்தப் புது மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். ஏழைகளோடு வாழாமல் கிறிஸ்துவை அறிய முடியாது என்பது அவர் நிலைப்பாடு. பண்டாரவளையில் சேவக செவன என்னும் குருமாணவர் பயிற்சி இல்லத்தையும் அந்த நிலைப்பாட்டுக்கேற்பவே அமைத்தார். அங்கே பணியாற்றிய அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ 1980இல் ஊவாவின் தென்பகுதியான புத்தளைக்குப் போய், சிங்கள பௌத்த விவசாயிகளிடையே குடியிருந்தார். மிரட்டல்கள் வந்தும் ஊரை விட்டுப் போகவில்லை. 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மேஜருக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆயரையும் ரொட்ரிகோவையும் நூல்கள் நினைவுகூர்கின்றன. உபதேசியார்கள் பலரின் பெயர்களோ தோட்டத்து முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அந்த முதியவர்கள் இருக்கும்போதே அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பது சபைகளின் கடமை.