புயலில் ஓடிய தொங்கான்: ப. சிங்காரத்தின் தீவு நாவல்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்த தென்கிழக்காசியத் தீவுகளைத் தமிழ் நாவலுக்குள் முழு உயிர்ப்போடு கொண்டுவந்தவர் ப. சிங்காரம் (1920–1997). ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டே நாவல்கள் எழுதினார்.

சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல் பிழைப்புக்காகச் சுமத்ராவின் மெடான் நகருக்குக் கப்பலேறினார். வட்டிக்கடை வேலை. அங்கேயே மணம் முடித்தார். மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்தார். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியபடி தனியாகவே வாழ்ந்தார்.

‘புயலிலே ஒரு தோணி’ ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. நாயகன் பாண்டியன் தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்குப் போகிறான். வழியில் புயல். வானும் கடலும் ஒன்றாகிப் புரளும் அந்த இரவை எழுதும்போது சொற்றொடர்களே உடைந்து அலையோடு தூக்கிவீசப்படுகின்றன. தமிழ் உரைநடையில் கடலை இவ்வளவு அருகில் கொண்டுவந்த பக்கங்கள் மிகக் குறைவு. பாண்டியன் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்ததும் இந்தோனேசியக் கெரில்லாக்களுடன் நிற்கிறான். எங்கே இருந்தாலும் நினைவு மதுரைத் தெருக்களுக்கும் ஊர்ச்சந்தைக்கும் ஓடிவிடுகிறது. சந்தையில் கேட்ட குரல்கள் மலாய்ச் சொற்களோடு கலந்து ஒலிப்பதுதான் இந்நாவலின் தனி அழகு.

‘கடலுக்கு அப்பால்’ அளவில் சிறியது. பட்டாளத்துக்குப் போய்வந்த செல்லையா இனி வட்டித்தொழிலுக்கு ஆக மாட்டான் என்று முதலாளி முடிவுகட்டிவிட, முதலாளியின் மகள் மரகதத்தின் மீது அவன் வைத்த காதல் கைகூடாமல் போகிறது.

போருக்குப் பின் ஜப்பானியரும் இதே வெப்பநிலங்களை எழுதினர். பிலிப்பைன்ஸில் போர்க்கைதியாகப் பிடிபட்ட ஓஓகா ஷோஹெய், அங்கே பசியில் அலையும் சிப்பாயைப் பற்றி ‘நோபி’ நாவலை எழுதினார். போர்க்காலத்தில் ஜாவா, சுமத்ரா, போர்னியோவில் பயணம் செய்த ஹயாஷி ஃபுமிகோவின் ‘உகிகுமோ’ (1951), இந்தோசீனாவின் தலாத் மலைநகரில் காதலித்த இருவர் தோற்றுப்போன தோக்கியோவில் அலைவதைச் சொல்கிறது. இந்த ஜப்பானிய எழுத்தாளர்களுக்கு அந்நிலங்கள் தோல்வியின் நினைவு. சிங்காரத்தின் மனிதர்களோ படையெடுத்துப் போனவர்கள் அல்லர். கடைக்கணக்கு எழுதப் போன இடத்தில் போர் வந்து சேர்ந்தது. வென்றவர் பக்கமோ தோற்றவர் பக்கமோ நிற்காத அந்தப் பார்வை உலகப் போர் இலக்கியத்திலேயே அரிதானது.

முதல் நாவல் 1950இல் எழுதப்பட்டு, ‘கலைமகள்’ போட்டியில் பரிசு பெற்ற பிறகே நூலானது. 1962இல் எழுதி முடித்த இரண்டாவது, அச்சேற இன்னும் 10 ஆண்டுகள் காத்திருந்தது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை.