லொறிக்குள் ஒரு கணக்கு, வீதியில் ஒரு கணக்கு

லொறி எந்த ஒழுங்கில் எந்தெந்தக் கடைக்குப் போவது என்பது ஒரு கணக்கு. லொறிக்குள் பெட்டிகளை எப்படி அடுக்குவது என்பது இன்னொன்று. நீண்டகாலம் இவற்றைத் தனித்தனியாகவே தீர்த்து வந்தார்கள். முதலாவதை ஜோர்ஜ் டான்சிக், ஜோன் ராம்சர் ஆகியோர் 1959இல் எரிபொருள் நிலையங்களுக்குப் பெற்றோல் கொண்டுசெல்லும் வாகனங்களை வைத்து எழுதினார்கள். பெற்றோலுக்கு அளவுக்கணக்குப் போதும். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அது போதாது.

மொத்தக் கனவளவு சரியாக இருந்தாலும் பெட்டிகள் பொருந்தாமற் போகலாம். பொருந்தினாலும், முதற் கடையின் பொருள் கடைசிக் கடையின் பொருளுக்குப் பின்னால் சிக்கினால் நடுவீதியில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். திரையில் மிச்சமாகத் தெரியும் கிலோமீற்றருக்கு ஏற்றியிறக்கும் தொழிலாளியின் முதுகுதான் விலை கொடுக்கிறது. இந்தத் துறையை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணமும் அதுதான்.

ஒரு லொறி 15 கடைகளுக்குப் போகக்கூடிய ஒழுங்குகளே ஒரு திரில்லியனைத் தாண்டும். அத்தனைக்கும் அடுக்கிப் பார்க்க முடியாது. எனவே ‘ஹியூரிஸ்டிக்’ எனப்படும், நல்ல விடையை விரைவாகத் தேடும் வழிகள் தேவைப்படுகின்றன. மிகச் சிறந்த விடைதான் கிடைக்கும் என்று அவை உத்தரவாதம் தருவதில்லை.

எளிமையானது கிளார்க், ரைட் இருவரும் 1964இல் வெளியிட்ட ‘சேமிப்பு’ முறை. களஞ்சியத்திலிருந்து இரண்டு கடைகள் 10, 12 கிலோமீற்றர் தூரத்திலும், அவற்றுக்கிடையே 5 கிலோமீற்றரும் இருக்கட்டும். தனித்தனியாகப் போய்வந்தால் 44. ஒரே பயணமாக்கினால் 27. சேமிப்பு 17. இப்படிக் கூடிய சேமிப்பிலிருந்து தொடங்கிப் பயணங்களை இணைத்துக்கொண்டே போவார்கள். அடுக்கலையும் சேர்த்தால், பெட்டிகள் பொருந்தும் இணைப்பு மட்டுமே அனுமதிக்கப்படும்.

2006இல் ஜோன்ட்ரோ, இயோரி, லப்போர்ட், மார்ட்டெல்லோ ஆகியோர் முப்பரிமாண அடுக்கலையும் பயணப் பாதையையும் ஒரே கணக்காக்கினார்கள். உடையக்கூடிய பொருளின்மேல் உடையாததை வைக்கக்கூடாது. மேற்பெட்டியின் அடிப்பரப்பில் போதிய பங்கு தாங்கப்பட வேண்டும். முதலில் இறக்குவதை எடுக்க வேறெதையும் அசைக்கக்கூடாது. அவர்கள் கையாண்ட ‘தபு தேடல்’ ஒரு கடையை இன்னொரு லொறிக்கு மாற்றிப் பார்க்கும். செய்த மாற்றத்தை உடனே திருப்பிவிடாதபடி சிறிதுநேரம் தடைசெய்யும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. லொறியின் நீளத்தை மீறும் அடுக்கையும் அது இடைநடுவில் ஏற்றுக்கொண்டு, மீறலுக்குத் தண்டப்புள்ளி போடும். அந்தப் பொருந்தாத நிலையைக் கடந்துதான் சில நல்ல பாதைகளை எட்ட முடிகிறது.

செலவையும் பார்க்க வேண்டும். அடுக்கிப் பார்ப்பதே அதிக நேரம் எடுக்கும் வேலை. ஆகவே முதலில் எடை, பிறகு கனவளவு. இரண்டும் தேறினால் மட்டுமே பெட்டிகளை அடுக்கிப் பார்ப்பது நல்லது. பக்கக் கதவுள்ள லொறியென்றால் இறக்கும் ஒழுங்கு விதி தளரும், பாதைகளுக்கான தெரிவும் கூடும்.