தொலைந்த கோட்டும் ரோமானியத் தீர்ப்பும்

வெளுக்கக் கொடுத்த ஆடையை எலி கடித்துவிட்டது. நட்டம் யாருக்கு? வெளுப்பவருக்கே என்று சொன்னார் உல்பியன் என்ற ரோமானியச் சட்ட அறிஞர். எலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது துணியை ஏற்றுக்கொண்டவரின் கடமை என்பது அவர் காட்டிய காரணம். ஒருவருடைய மேலாடையைத் தெரியாமல் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாலும் பொறுப்பு வெளுப்பவருடையதுதான் என்றும் எழுதினார். உல்பியன் 3 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவருடைய கருத்துகள் 533 ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் திரட்டில் இடம்பிடித்தன. அங்கிருந்து பல நூற்றாண்டுகள் கைமாறி, கடைசியில் கப்பலேறித் திருகோணமலைக்கும் வந்து சேர்ந்தன.

கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டு தொலைந்துபோய், விஷயம் வழக்காகி, திருகோணமலை நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே எடுத்துப் பேசப்படுவது இந்தப் பழைய சட்டத்தின் வழிவந்த நெறிதான். கடைக்காரரும் மாப்பிள்ளை வீட்டாரும் அதை அறியாமலே அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.

1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். இடையில் கண்டி அரசன், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று கோட்டை கைமாறினாலும், 1795 ஆகஸ்ட் மாதத்தில் பிரித்தானியரிடம் சரணடையும்வரை ஒல்லாந்தருடைய பிடி பெரும்பாலும் நீடித்தது. கறுவாவுக்கும் யானைக்கும் வந்தவர்கள் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். ஹியூகோ குரோஷியஸ் சிறையில் இருந்தபோது எழுதி 1631 இல் அச்சான சட்ட அறிமுக நூலும், லெய்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜொஹான்னஸ் வூட் 1698 முதல் 1704 வரை வெளியிட்ட பெரிய உரைநூலும் ரோமானியச் சட்டத்தை ஒல்லாந்து வழக்கத்தோடு பிசைந்து தந்தவை. ஆங்கிலேயர் வந்த பிறகு அது அழிந்திருக்க வேண்டும். ஆனால் 1799 செப்டம்பர் 23 ஆம் தேதிப் பிரகடனம், ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டமே தொடரும் என்று அறிவித்தது. ஒல்லாந்து நாடே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சட்டத்தைக் கைவிட்டுவிட்டது. இலங்கையும் தென்னாபிரிக்காவும் இன்னும் வைத்திருக்கின்றன.

அந்தச் சட்டத்தில் வாடகைக்கும் இரவலுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரில் பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து எடுத்தவர்தான் கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டும், உறவுக்காரரிடம் சும்மா வாங்கியதற்குச் சமாதானம் சொன்னால் போதும் என்பது பொது எண்ணம். ரோமானியர் பார்வை வேறு. வாடகை கொடுப்பவர் உடையவருக்கும் ஒரு பயன் தருகிறார். ஆகவே ஒரு பொறுப்புள்ள குடும்பத் தலைவர் தன் பொருளைப் பேணுவதுபோல் பேணினால் போதும். இரவல் வாங்கியவருக்கோ பயன் முழுவதும் அவருடையது. அவரிடமிருந்து எதிர்பார்க்கப்படும் கவனம் இன்னும் நுணுக்கமானது. பெரியம்மாவின் காஞ்சிபுரம் சேலையைத் தொலைத்தவர், கடையில் எடுத்த கோட்டைத் தொலைத்தவரைவிடக் கடுமையான கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டியவர். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்ற நம்முடைய பழமொழியும் இரவல் பொருள் நமக்குச் சொந்தமாகாது என்பதைத்தான் நினைவூட்டுகிறது.

சட்டப் புத்தகம் வருவதற்கு முன்பே திருகோணமலைப் பக்கத்தில் ஆடை கைமாறிக்கொண்டுதான் இருந்தது. ஊரின் தொண்டுகளை இன்னார் இன்னார் செய்ய வேண்டும் என்று வகுத்துவைத்த சமூகம் இது. கோணேசர் கோயில் ஊழியத்தை அப்படி வகுத்துச் சொல்லும் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய தமிழ் நூலே இருக்கிறது. ஈழத்துத் தமிழ் ஊர்களில் கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளை கட்டுவது சலவைத் தொழிலாளரின் பொறுப்பாக இருந்தது. பந்தலின் மேற்கட்டிக்கும், நடந்து வரும் வழியில் விரிப்பதற்கும் அவர்களே துணி கொண்டுவருவார்கள். ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால், வீட்டில் துடக்கு என்றால், உடுத்த மாற்றுச் சேலையும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அந்தத் துணிகள் எல்லாம் யாருடையவை? பல நேரம் வெளுக்க வந்த வேறு வீட்டுத் துணிகள்தான். சென்னை மாகாணத்தில் சலவைத் தொழிலாளர் தங்களிடம் வெளுக்க வந்த ஆடைகளைச் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விட்டதை 1909 இல் வெளியான தன் தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் குறிப்பிட்டிருக்கிறார். ரோமானியச் சட்டம் இதைத் திருட்டு என்றே சொல்லும். வெளுக்கவோ தைக்கவோ வாங்கிய ஆடையைப் பயன்படுத்தினாலே களவு என்பது அதன் விதி. ஊர் வழக்கம் அப்படிப் பார்க்கவில்லை. என் வீட்டு வேட்டி இன்றைக்கு உன் வீட்டு மேற்கட்டி, நாளைக்கு உன் வீட்டுச் சேலை என் வீட்டுக்கு மாற்று என்பது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத ஏற்பாடு.

இத்தனை கை மாறியும் துணி வீடு திரும்பியது என்றால் அதற்குக் காரணம் ஒரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் பழுப்பு நிறச் சாறு கசியும். அதைத் தொட்டுத் துணியின் ஓரத்தில், மடிப்புக்குள் மறையும்படி, புள்ளியும் கோடுமாக இடுவார்கள். மேலே சுண்ணாம்பு பட்டதும் கறுத்துவிடும். பிறகு உவர்மண்ணில் வேகவைத்தாலும் கல்லில் அடித்தாலும் போகாது. சாறு தோலில் பட்டால் புண்ணாகிவிடும், அதனால் விரல் படாமல் இட வேண்டும். எந்தக் குறி எந்த வீடு என்பது அவர்கள் மனத்தில் இருந்த பேரேடு. துணைக்கண்டம் முழுவதும் வழங்கிய இந்தக் குறியைப் பொறுப்பின் கையெழுத்து என்றே சொல்லலாம்.

அந்த ஏற்பாட்டை இன்று ஏக்கத்தோடு நினைக்க முடியாது. சாதி அதில் கலந்திருந்தது. துணி காணாமல்போனால் கேள்வி முதலில் யாரிடம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எதிர்த்துப் பேச வழியில்லாதவர்களின் தோளில்தான் முழுப் பொறுப்பும் சுமத்தப்பட்டிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் வந்தது. படிப்பும் வேறு தொழில்களும் கிடைத்ததும் அடுத்த தலைமுறை அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வந்தது. அது நடக்க வேண்டிய நல்ல மாற்றம். அந்த இடத்துக்கு மெல்ல மெல்லக் கடை வந்தது.

கோட்டு வாடகை என்ற வியாபாரத்துக்கு லண்டனில் ஒரு பிறப்புக் கதை உண்டு. 1897 இல் சார்ல்ஸ் பொண்ட் என்பவர் வேலையை இழந்தார். விருந்துகளில் நிகழ்ச்சி நடத்திப் பிழைக்க அவருக்கு நல்ல உடை வேண்டியிருந்தது. கொவென்ட் கார்டனில் இருந்த மோஸ் பிரதர்ஸ் கடைக்காரர் அவருக்கு இரவல் கொடுத்தார். அவர் திரும்பத் திரும்ப வரவே கட்டணம் வாங்கத் தொடங்கினார் என்பார்கள். இரவல் வாடகையாக மாறிய கணம் அது.

திருகோணமலையோ கடற்படைத் தளமாக வளர்ந்த ஊர். 1957 ஒக்டோபர் 15 ஆம் தேதி தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை, சீருடையும் கோட்டும் டொக்யார்ட் பக்கம் அன்றாடக் காட்சி. படம் பிடிக்கும் ஸ்டூடியோக்களின் சுவரில் எல்லா உடம்புக்கும் ஒரே கோட்டு தொங்கிய காலம் போய், இன்று தலைப்பாகை, ஷெர்வானி, மணப்பெண்ணின் நகைத் தொகுதி, கிறிஸ்தவக் கலியாணத்தின் வெள்ளைக் கவுண், பட்டமளிப்பு அங்கி என்று பலதும் வாடகைக்குக் கிடைக்கின்றன. “கலியாணம் முடிஞ்சு அடுத்த நாளே கொண்டு வாங்கோ தம்பி” என்பதோடு பல இடங்களில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் ஒரு சின்னச் சீட்டும் வைப்புப் பணமும்.

சரி, உடை தொலைந்துவிட்டது. இப்போது என்ன?

எடுத்தவர் எப்படியும் கொடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம் அல்ல. அவருடைய கவனக்குறைவால் தொலைந்திருந்தால்தான் பொறுப்பு. ஆனால் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியவர் அவரே. பொருள் அவர் கையில் இருந்தது, என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும். மண்டபத்து நாற்காலியில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன் என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். பூட்டிய அறையை உடைத்துத் திருடினார்கள், உடனே பொலிஸில் முறைப்பாடு செய்தேன் என்றால் கதை வேறு.

மனித சக்திக்கு மிஞ்சிய அழிவு என்றால் நட்டம் உடையவருக்கே. ரோமானியச் சட்ட அறிஞர்கள் அதற்குத் தந்த உதாரணங்கள் தீ, கப்பல் உடைவு, பகைவர் படையெடுப்பு. இந்த மாவட்டம் இவற்றை ஏட்டில் படித்து அறியவில்லை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. 1964 டிசம்பரில் புயல் கரையைப் புரட்டியது. 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் வீடுகளுக்குள் வந்தது. 2006 ஆகஸ்டில் போரால் மூதூர் மக்கள் உடுத்த உடையோடு ஊரைவிட்டு ஓடினார்கள். அப்படி ஒரு நாளில் அலுமாரியோடு போன வாடகைச் சேலைக்கு யாரும் யாரிடமும் விலை கேட்க முடியாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் கவனிக்கத்தக்கது. வீட்டு விருந்துக்கென்று இரவல் வாங்கிய வெள்ளிப் பாத்திரங்களை ஒருவர் வெளியூருக்குக் கொண்டுபோனால், கடற்கொள்ளையர் பறித்தாலும் கப்பல் உடைந்தாலும் அவரே பொறுப்பு என்று காயஸ் என்ற சட்ட அறிஞர் எழுதினார். உப்புவெளிக் கலியாணத்துக்கென்று சொல்லி எடுத்த கோட்டைக் கொழும்புக்குப் போட்டுப் போனவர், தம்பிக்கு மாற்றிக் கொடுத்தவர், சொன்ன நாளுக்குப் பிறகும் வைத்திருந்தவர் எல்லாரும் அந்த வெள்ளிப் பாத்திரக்காரரின் பக்கத்தில் நிற்கிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சண்டை மூள்கிறது. பத்துக் கலியாணம் பார்த்த கோட்டுக்குப் புதுக் கோட்டின் விலை கேட்பது நியாயம் இல்லை. தொலைந்த அன்று அதற்கு இருந்த பெறுமதிதான் அளவு. சீட்டில் தண்டத் தொகை அச்சடித்திருந்தாலும், நட்டத்துக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரிதானால் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்காது. சலவைக்குக் கொடுத்த உடை தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற அறிவிப்பும் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல. அதற்கென்றே 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. மோப்பசான் 1884 இல் எழுதிய ‘நெக்லஸ்’ கதையில் இரவல் நகையைத் தொலைத்த பெண்ணும் கணவனும் 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துப் பத்து ஆண்டுகள் கடனில் உழல்கிறார்கள். தொலைந்தது அதிகம் போனால் 500 பிராங்கு பெறும் போலி. வாங்கும்போது விலையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கதையே இல்லை.

இத்தகைய சிறு தகராறுக்கு நீதிமன்றப் படி ஏறத் தேவையும் இல்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி இல்லாமல், இரு தரப்பும் நேரில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் இடம் அது. அங்கேயும் முதலில் கேட்கப்படுவது கையில் என்ன எழுத்து இருக்கிறது என்பதுதான்.

அடையாள அட்டையை ஈடாகக் கடையில் விட்டு வரும் பழக்கம் நல்லதில்லை. அது இல்லாமல் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாத ஆண்டுகளைப் பார்த்த மாவட்டம் இது. அட்டைக்குப் பதிலாகச் சீட்டைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். உடையின் இன்றைய பெறுமதி, ஏற்கெனவே உள்ள கிழிசல், கறை, திருப்பித் தர வேண்டிய நாள், வைப்புப் பணம் எல்லாம் அதில் ஏறட்டும். இரு தரப்பும் கையெழுத்திடட்டும். எழுத மறுக்கும் கடையில் கோட்டு எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.