டாக்டர் சுப்பராயன்: அமைச்சரும் தூதரும்



சத்தியமங்கலத்தைத் தழுவி ஓடும் பவானியாறு கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரியைக் கடந்து கிழக்கே சென்றால் திருச்செங்கோட்டு மலை தோன்றும். அம்மலைக்கு அண்மையில் உள்ளது குமாரமங்கலம். அவ்வூர் ஜமீன் குடும்பத்தில் 1889-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். சென்னை மாகாண முதலமைச்சர், வெளிநாட்டுத் தூதர், மத்திய அமைச்சர், கவர்னர் என அவர் வகித்த பதவிகள் பல. பதவிகளை மட்டும் அடுக்கினால் அது வரலாறு ஆகாது. அவர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நின்றார், எதற்காக நின்றார் என்று ஆராய்வோம்.

1926 நவம்பரில் நடந்த தேர்தலில் சுயராஜ்யக் கட்சி மிகுதியான இடங்களைப் பெற்றது. ஆனால் அக்காலத்தில் நடந்தது இரட்டையாட்சி. நிதியும் காவலும் கவர்னர் கையில். கல்வி, சுகாதாரம் போன்றவை மட்டுமே அமைச்சர் கையில். அத்தகைய ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்று அக்கட்சி ஒதுங்கிற்று. எனவே கவர்னர் கோஷன் பிரபு, எக்கட்சியையும் சாராது நின்ற சுப்பராயனை அழைத்து முதலமைச்சர் ஆக்கினார். அப்போது அவருக்கு வயது 37.

விரைவிலேயே சோதனை வந்தது. இந்தியர் ஒருவரும் இடம்பெறாத சைமன் குழு 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. அதனைப் புறக்கணிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முதலமைச்சர் எதிர்த்தார். உடனிருந்த அமைச்சர்களாகிய அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் ஆதரித்தனர். அவ்விருவரும் பதவி நீங்கினர். சுப்பராயனோ நீதிக் கட்சியின் துணையோடு 1930 வரை ஆட்சியில் நீடித்தார். அரசுப் பணிகளில் பல வகுப்பாருக்கும் இடம் பகிர்ந்தளிக்கும் வகுப்புவாரி ஆணை, புதிய அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது இக்காலத்தில்தான். பதவியைப் பற்றிக்கொண்டார் என்பர் ஒரு சாரார்; பதவியால் நாட்டுக்குப் பயன் விளைந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

பின்னர் அவர் காங்கிரஸில் சேர்ந்தார். 1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் பொறுப்பு. 1938-இல் அவ்வரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. எதிர்ப்பு மூண்டது. ஈரோட்டுப் பெரியார் சிறை புகுந்தார். தாளமுத்து, நடராசன் என்னும் இளைஞர் இருவர் சிறைப்பட்டு மாண்டனர். கொங்கு நாட்டின் மைந்தர்களே அன்று எதிரெதிர் நின்றனர் என்பதை நினைவிற் கொள்க. 1940-இல், அமைச்சரவை விலகிய பின்னர், அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின் அவரை வேறொரு பணி அழைத்தது. நம் முன்னோர் சாவகம் என்று குறித்த தீவையும் உள்ளடக்கிய இந்தோனேசியா, டச்சுக்காரரின் பிடியிலிருந்து மீண்டு, 1949 டிசம்பர் 27-இல் முழு உரிமை எய்தியது. 1949 முதல் 1951 வரை அங்கே இந்தியத் தூதராக விளங்கியவர் சுப்பராயன். அந்நாட்டில் மிகுதியானோர் பேசியது சாவக மொழி. எனினும் அதனைப் பிறர்மீது சுமத்தாது, துறைமுகந்தோறும் வாணிகத்தில் வழங்கிய மலாய் மொழியை அடிப்படையாக்கிப் பொதுமொழி அமைத்துக்கொண்டனர் அம்மக்கள். எண்ணிக்கையிற் பெரியோர் விட்டுக்கொடுத்ததால் ஒற்றுமை வளர்ந்தது.

1955-இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் குழுவை இந்திய அரசு அமைத்தது. சுப்பராயனும் அதில் ஓர் உறுப்பினர். மறு ஆண்டு அறிக்கை வெளிவந்தபோது, பெரும்பான்மையோரின் முடிவுக்கு அவர் உடன்படவில்லை. வங்க அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே அவரும் தனியே மறுப்புரை எழுதினார். இந்தி பேசாதார்மீது அம்மொழியை விரைந்து புகுத்தலாகாது, ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு காலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கிய அரசின் கல்வி அமைச்சர் எழுதிய மறுப்பு அது!

மாணவர்களே, இதனைத் தடுமாற்றம் என்று இகழ்வதா, தெளிவு என்று போற்றுவதா? நான் வகுப்பில் ஓர் அளவுகோல் சொல்வதுண்டு. ஒருவர் கருத்தை மாற்றினால், அம்மாற்றத்தால் ஊதியம் யாருக்கு என்று கேளுங்கள். 1928-இல் அவர் எடுத்த நிலை அவரைப் பதவியில் இருத்திற்று. 1956-இல் எடுத்த நிலையால் அவர் பெற்றது ஒன்றுமில்லை. தாம் சார்ந்த கட்சியின் ஆட்சி அமைத்த குழுவிலேயே சிறுபான்மையாக நின்றார். ஆகவே பிந்திய சுப்பராயனையே நான் பெரியவராகக் கருதுகிறேன். முந்திய சுப்பராயனை மறைத்துவிடவும் நான் விரும்பவில்லை.

1959 முதல் 1962 வரை மத்தியப் போக்குவரத்து, செய்தித் தொடர்பு அமைச்சராக இருந்த அவர், மகாராஷ்டிர கவர்னராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில், 1962 அக்டோபர் 6-இல் மறைந்தார். 1965-க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர இடமளித்த ஆட்சிமொழிச் சட்டம் 1963-இல் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இல்லை. ஆயினும் தனித்து நின்று எழுதிய ஒருவரின் சொல்லும் வீண்போவதில்லை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.